நான்காவது சதுரம்

1

இந்தக் கதை ஒரே ஒரு பேச்சிலிருந்து வந்தது. கேத்தியில் கேரட் கழுவும் கொட்டகையில் எனக்கு இரவு வேலை. மூட்டைகளை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"அந்தம்மா தோட்டத்துலதானுங்க நம்பர் விழுந்துச்சு. அன்னியிலிருந்து அந்தம்மாகூட ஒருத்தரும் பேசறதில்லீங்க."

அவ்வளவுதான். இயந்திரத்தைப் போட்டுவிட்டார்கள். அந்த இரைச்சலில் மிச்சம் காதில் விழவில்லை. மறுநாள் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு செய்தி கிடைத்திருக்கும், நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

என்ன நம்பர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். புள்ளியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். ஒரு ஊரின் விளைச்சல் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஊரையே பிடுங்கி எடை போட முடியாது. அதனால் சில தோட்டங்களைக் குருட்டாம்போக்கில், எண் அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டிக் குறித்து, அதற்குள் விளைந்ததை மட்டும் எடை போடுவார்கள். அவற்றின் சராசரிதான் ஊரின் சராசரி. அது முன்பே குறித்து வைத்த ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊரில் பயிர்க் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு. மேலே போனால் யாருக்கும் இல்லை. தன் தோட்டத்தில் என்ன போயிற்று என்று தனியாகக் காட்ட வழி கிடையாது.

நம்பர் விழுந்தது என்றால் அந்தச் சதுரம் அவள் தோட்டத்தில் விழுந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பனி விலகாத காலையில், படிப்படியாக இறங்கும் கேரட் தோட்டங்களின் பசுமைக்கு நடுவே ஒரு பெண்—"

வேண்டாம். இது பனி பார்க்க வருகிறவர்கள் எழுதும் வரி. படிப்படியாக இறங்கும் நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முட்டி வலிதான் முதலில் தெரியும்.

இரண்டாம் முயற்சி:

"தனபாக்கியத்தின் கணவன் திருப்பூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், அங்கே—"

இதுவும் வேண்டாம். இந்த வரியை முடித்தால் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிடும். பிறகு அவள் எதைச் செய்தாலும் சரி என்பீர்கள். அவன் போனான். வீட்டில் இரண்டு கை குறைந்தது. கதைக்கு அது போதும்.

(பெயரை நான்தான் வைத்தேன். டீ குடித்தவர் "அந்தம்மா" என்றுதான் சொன்னார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.)

மூன்றாம் முயற்சி. இதை வைத்துக்கொள்கிறேன்:

கேத்திப் பள்ளத்தாக்கில் அந்த ஊரில் விதைப்புக்குக் கூலியாள் கிடைப்பது கஷ்டம். அதனால் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு மற்ற வீட்டார் போவார்கள். பதிலுக்கு அவர்களுடைய தோட்டத்துக்கு இவர்கள் போவார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு பேர் வருவார்கள். தனபாக்கியம் ஒற்றை ஆள். அவள் திருப்பிக் கொடுக்க முடிந்தது ஒரு ஆள் வேலைதான். யாரும் அவளை வேண்டாம் என்று சொன்னதில்லை. "அடுத்தாப்புல உங்குளுதுதான் அக்கா" என்பார்கள். அடுத்தது எப்போதும் வேறு யாருடையதாவதாக இருக்கும். அந்த வருடமும் எல்லோரும் விதைத்து முடித்து, முளை வந்து, தழை தலைகாட்டிய பிறகுதான் அவளுடைய குத்தகை நிலத்தில் விதை இறங்கியது. பாதிக்குமேல் அவளே தனியாக விதைத்தாள்.

அவள் விதைத்த வாரத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது. ஊரின் தழையெல்லாம் அம்மியில் வைத்து நசுக்கியதுபோல் ஆயிற்று. கிழங்கு விரல் அளவுகூடப் பருக்கவில்லை, பாதி அழுகியது. தனபாக்கியத்தின் விதை மண்ணுக்கு அடியில் இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்கு அந்த நிலத்தில் நல்ல விளைச்சல் வந்தது அதுதான் முதல்முறை.

3

அண்ணாதுரை புள்ளியியல் ஆய்வாளர். கீழ்நாட்டுக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்தவர். முதல் வரைவில் இவரை மிக நல்லவராக எழுதியிருந்தேன். ஊரார் கொடுத்த டீயைக்கூட மறுப்பார். அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. இப்போது டீ குடிக்கிறார், வர்க்கியும் தின்கிறார், ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிரைத் திட்டுகிறார். எண் அட்டவணையில் மட்டும் கை வைக்க மாட்டார். அது ஒழுக்கமா, சோம்பலா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை எண் எடுத்தால் இன்னொரு மலைச்சரிவு ஏற வேண்டும்.

ஊரில் மொத்தம் நான்கு சதுரம். நான்கையும் கயிறு கட்டிவிட்டுப் போய், அந்தந்தத் தோட்டம் முற்றும்போது வந்து எடை போடுவார். மூன்று தோட்டங்களைக் குறித்துவிட்டு நான்காவதாகத் தனபாக்கியத்தின் தோட்டத்துக்கு வந்தார். தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணையில் இருந்தபடி கிழக்கே நடந்து, வடக்கே திரும்பி நடந்து, நின்ற இடத்தில் முளைக்குச்சி அடித்தார். ஊரில் பத்துப் பேர் பின்னாலேயே வந்தார்கள். படிக்கட்டு நிலம். சதுரத்தின் ஒரு பாதி மேல்படியிலும் மறுபாதி கீழ்ப்படியிலும் விழுந்தது.

"சார், உங்க சதுரம் படியெறங்குது" என்றாள் தனபாக்கியம்.

"நானே நாலு தடவை எறங்கி ஏறிட்டேனுங்க. அது எறங்கினா என்ன" என்றார் அண்ணாதுரை.

பக்கத்துத் தோட்டத்து மருதமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். இழப்பில் பெரிய இழப்பு அவருடையது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

"ஏனுங்க சார், இந்தத் தோட்டத்துல வெட்டி என்னத்துக்குங்க? ஊருல எல்லாத்துக்கும் போச்சு. இந்தம்மிணிக்கு மட்டுந்தான் நிக்குது. ஊரு எப்பிடியிருக்குதுன்னு பாக்கறதுக்கு ஊருல பாக்கோணுமா, இங்க பாக்கோணுமா?"

"நம்பர் இங்கதானுங்க விழுந்திருக்குது."

"விழுந்தா இன்னொருக்கா எடுங்க. புடிக்காத சீட்டு வந்தா கட்டைக் கலைக்கறதில்லீங்களா?"

"புடிக்கறவரைக்கும் கலைக்கற ஆளோட நீங்க ஒக்காந்து ஆடுவீங்களா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருதமுத்துவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அது சரீங்க. ஆனா இது ஊரே இல்லீங்களே."

அண்ணாதுரை கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். தலை தூக்காமல் சொன்னார்:

"ஏனுங்க, அந்தம்மா தோட்டமும் ஊருதானுங்களே."

தனபாக்கியம் கீழ்ப்படியில் களை பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டாள். அங்கே களை இல்லை.

(*) மருதமுத்து கேட்டது முட்டாள் கேள்வி இல்லை. வகுப்பில் நானும் கேட்டேன். பதில் இதுதான்: ஊரின் சராசரி என்பது ஊரில் யாருடைய தோட்டமும் இல்லை. நன்றாக விளைந்ததும் நாசமானதும் சேர்ந்த இடத்தில் அது இருக்கிறது. நாசமானதை மட்டும் எடுத்துக்கொண்டால் நாசத்தின் சராசரிதான் கிடைக்கும். எல்லாத் தோட்டத்துக்கும் எடுக்கப்பட ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும், விதிவிலக்காக நிற்பதற்கும்.

(*) ஆனால் நான்கு சதுரம் போதுமா? போதாது. ஒரே சதுரம் வெட்டினால் கணக்கு எவ்வளவு தள்ளாடுமோ, நான்கு வெட்டினால் அதில் பாதி தள்ளாடும். அதையும் பாதியாக்க எட்டு போதாது, பதினாறு வேண்டும். அத்தனை வெட்ட ஆள் இல்லை. ஊர் நான்கை நம்பி உட்கார்ந்திருக்கிறது. அந்த நான்கில் ஒன்று தனபாக்கியத்தின் தோட்டம் என்றால், ஊரில் நாலில் ஒரு பங்கு அவளைப்போல் தப்பித்தது என்று கணக்கு சொல்லும். உண்மையில் தப்பித்தது அவள் ஒருத்திதான். முறையில் தப்பில்லை. எடுத்தது கொஞ்சம், அவ்வளவுதான். இதை மருதமுத்துவிடம் போய்ச் சொல்ல முடியுமா? மகள் கல்யாணம் நிற்கிறது.

(*) ஒரு பேச்சை வைத்து ஒரு ஊரை எழுதுகிறவன் இதைச் சொல்கிறேன் என்பதும் தெரியும்.

4

மற்ற மூன்று சதுரங்களையும் எடை போட்டாயிற்று. மூன்றும் கோட்டுக்குக் கீழே, வெகு கீழே. நான்காவது முழுதாக எடை ஏறினால் சராசரி கோட்டைத் தாண்டிவிடும். இதற்குப் படிப்பு வேண்டாம். ஊரில் எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அண்ணாதுரை வருவதற்கு முந்தின நாள் மாலையில் மருதமுத்துவும் அவர் மனைவி உஷாவும் தனபாக்கியத்தின் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வாசல் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை. அவள் டீ வைத்தாள். வீட்டில் டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அதில் மருதமுத்துவுக்கு ஊற்றிவிட்டு, அரிசி அளக்கும் உழக்கைக் கழுவி அதில் உஷாவுக்கு ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"ஊடு நல்லா வெச்சிருக்கறீங்க அக்கா" என்றாள் உஷா.

"கலைக்கறதுக்கு ஆருமில்லை. வெச்சது வெச்சபடி இருக்குது."

மருதமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மிணி, நான் சுத்தி வளைக்கலே. அந்தக் கயித்துக்குள்ள இருக்கறது கொஞ்சம் கொறஞ்சு போகோணும். பன்னி எறங்கற எடந்தானே இது."

"எந்தோட்டத்துக்குப் பன்னி வந்ததில்லீங்ணா. வேலி நல்லாக் கட்டியிருக்கறேன்."

"வேலியத் தாண்டாத பன்னி எங்க இருக்குது?"

"கயித்துக்குள்ள மட்டும் தின்னுபோட்டு, கயித்துக்கு வெளிய வாயே வெக்காத பன்னி எங்கீங்ணா இருக்குது?"

உஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் திரும்பிப் பார்த்ததும் உழக்கை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வெளயாட்டில்ல அம்மிணி. எல்லாத்துக்கும் போனதுல உனக்கு மட்டும் நிக்குது. அதுல எங்களுக்குப் பொறாமை இல்லை. உங் கேரட்ட நீ வித்துக்கோ. அந்த ஒத்தைச் சதுரத்த மட்டுந்தான் கேக்கறோம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். காலைல சார் கேட்டா, பன்னின்னு ஒரு சொல்லு. முடிஞ்சுது."

"அடுத்த விதைப்புக்கு உங்க தோட்டத்துக்குத்தான் அக்கா மொதல்ல எறங்கறோம். எங்க ஊட்டு நாலு பேரும். நான் சொல்றேன்" என்றாள் உஷா.

தனபாக்கியம் அவள் முகத்தைப் பார்த்தாள். உஷா அதை மனதாரத்தான் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"நாங்க என்ன பண்ணப் போறோம்" என்றார் மருதமுத்து, எழுந்துகொண்டே. "ஒரே ஊருல இருக்கறவங்க. பாத்துக்கோ."

அவர்கள் போன பிறகு டம்ளரையும் உழக்கையும் கழுவினாள். உழக்கைத் திரும்ப அரிசிப் பானைக்குள் போட ஈரம் காய வேண்டும். அதுவரை இரண்டும் பக்கம் பக்கமாகக் கவிழ்ந்திருந்தன. தன் தோட்டமும் ஊர்தான் என்று ஒரு வெளியாள், கயிறு கட்டிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னதை அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த விதைப்புக்கு நாலு பேர் முதலில் இறங்கப்போகிற தோட்டத்தையும் நினைத்தாள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

[இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.]

5

(யார் யார் போனார்கள், வேலியை எங்கே நீக்கினார்கள், எப்படிப் பிடுங்கினார்கள் என்ற பகுதி இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததை உங்களுக்குக் காட்டினால் நீங்கள் அவளைவிட அதிகம் தெரிந்தவர்களாகிவிடுவீர்கள். பிறகு தீர்ப்புச் சொல்லத் தொடங்குவீர்கள்.)

6

காலையில் அண்ணாதுரை தராசோடு வந்தபோது அவருக்குப் பின்னால் ஊரே வந்தது. பாத்தியை மிதிக்காமல், வரப்பிலும் படிகளின் ஓரத்திலும் வரிசையாக நின்றுகொண்டார்கள். தனபாக்கியம் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். விடிந்ததும் வந்து பார்த்துவிட்டாள்.

கயிறு அப்படியே இருந்தது. முளைக்குச்சி நான்கும் நின்றன. உள்ளே தழை அங்கங்கே வாடித் தலை சாய்ந்திருந்தது.

"பன்னிங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பன்னிதானுங்க. ரெண்டு நாளா இந்தப் பக்கந்தான் சுத்துது" என்று இன்னொன்று.

அண்ணாதுரை கயிற்றைத் தாண்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பன்றி கிளறிய மண்ணை அந்த ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. கலப்பை போட்டதுபோல் புரண்டு கிடக்கும். மென்று துப்பிய துண்டு கிடக்கும். இங்கே மண் வழவழவென்று இருந்தது. வாடிய தழை ஒன்றைத் தொட்டு இழுத்தார். சுண்டுவிரல் அளவுக் கேரட் ஒன்று எதிர்ப்பில்லாமல் கையோடு வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் பிஞ்சு.

அந்த ஊர்க்காரர்கள் கேரட் பிடுங்கும் முறை அது. முற்றியதை எடுப்பார்கள். கூட வந்துவிடும் பிஞ்சைத் திரும்ப மண்ணில் செருகுவார்கள். குழியைத் திறந்தபடி விட மாட்டார்கள். உள்ளங்கையால் அணைத்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போவார்கள். திருட வந்த இடத்திலும் கை அதைத்தான் செய்திருக்கிறது. வாயால் பன்றி என்று சொல்லப் பழகியவர்கள், கைக்குச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள்.

"முத்தினதத் தின்னுபோட்டு, பிஞ்சைத் திருப்பி நட்டு, மண்ணையும் அணைச்சுவிட்டுப் போயிருக்குது" என்றார் அண்ணாதுரை. "நல்ல பன்னி. எங்க ஊருக்கு ரெண்டு அனுப்பி வைங்க."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி உடனே நின்றது. உஷா தன் நகங்களைப் பார்த்துவிட்டுக் கைகளைச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். மருதமுத்து எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாதுரை எழுந்து முழங்காலைத் தட்டினார். தனபாக்கியத்திடம் வந்தார்.

"ஏனுங்கம்மா, விதியச் சொல்லிடறேன். மிருகம் தின்னதுன்னா அதுவும் பயிர்ச் சேதந்தான். மிச்சம் இருக்கறத எடை போட்டு எழுதிக்குவேன். மனுசங்க கை வெச்சதுன்னா இந்தச் சதுரம் செல்லாது. இதே தோட்டத்துல அடுத்த நம்பருக்கு வேற சதுரம் போட்டு, இப்பவே, எல்லாரும் பாக்கவே வெட்டிருவேன். எனக்கு என்ன தெரியுதுங்கறது வேற. நான் கண்ணால பாக்கலை. தோட்டக்காரங்க நீங்க. நீங்க சொல்றதைத்தான் எழுத முடியும்."

பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லுங்கம்மா. என்ன வந்துச்சு?"

7

முடிவு, முதல் முயற்சி. அவள் "பன்னிங்க" என்கிறாள். மிச்சம் இருந்த பிஞ்சை எடை போடுகிறார்கள். சராசரி கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. ஊருக்குக் கிடைக்கிறது, அவளுக்கும்தான். விதைப்புக்கு நாலு பேர் வருகிறார்கள். உஷா சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள். ஆனால் வேலை நடக்கும்போது யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். தங்களுக்காகப் பொய் சொன்ன வாயைப் பார்த்து என்ன பேசுவது? அடுத்த வருடம் இரண்டு பேர் வருவார்கள். அதற்கடுத்த வருடம் "அடுத்தாப்புல உங்குளுதுதான் அக்கா." அவளுக்கு ஒருமுறை நன்றாக விளைந்தது என்பதற்கு எந்தக் கணக்கிலும் அடையாளம் இருக்காது.

முடிவு, இரண்டாம் முயற்சி. அவள் "ஆளுங்க புடுங்குனதுங்க" என்கிறாள். இன்னொரு சதுரம் போடுகிறார்கள். பிடுங்கப் பிடுங்க வருகிறது. தராசு முள் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவு பேர் அவள் விளைச்சலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். சராசரி கோட்டைத் தாண்டுகிறது. மருதமுத்து வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போகிறது. அவளோடு யாரும் பேசுவதில்லை.

டீ குடித்தவர் சொன்னது இரண்டுக்கும் பொருந்துகிறது. என் கையில் இருப்பது அந்த ஒன்றுதான். அதை வைத்து இதுவா அதுவா என்று சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்கிறவர்கள் என்னைப்போல் பாதியில் விட்டவர்கள் இல்லை, புத்தகத்தையே திறக்காதவர்கள்.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அண்ணாதுரை தானாகவே "இது மனுசன் கைதான், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று—

அடித்துவிட்டேன். அவளைக் காப்பாற்ற நான் போட்ட ஆள் அது. ஊருக்குள் அப்படி ஒரு ஆள் இல்லை.

சரி. எதைச் சொன்னாலும் தனியாகத்தான் இருக்கப்போகிறாள், பிறகு எதைச் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. நினைத்திருந்தால் உடனே ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாள். அவள் வரிசையாக நிற்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அவளுக்கு எல்லோர் பெயரும் தெரியும். அண்ணாதுரை அவசரப்படுத்தவில்லை. குளிரில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கிறார்.

பதிலை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். எது சரி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரே ஒரு நிபந்தனை. சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிப் போக முடியாது. அந்த ஊரில் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். நாளைக் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டும்.